நாற்பதைக் கடந்த கண்கள்

தலை நரைப்பதைச் சாயத்தால் மறைக்கலாம். வயதைப் பிறர் கேட்கும்போது ஓரிரு ஆண்டுகளைக் குறைத்தும் சொல்லலாம். ஆனால் பஞ்சாங்கத்தைக் கையிலெடுத்து நல்ல நேரம் பார்க்க முற்படும்போது, அந்தக் கை தானாகவே முகத்தை விட்டு விலகிச் செல்லுமாயின், அவர் நாற்பதைக் கடந்துவிட்டார் என்பதை அருகில் நிற்கும் சிறுபிள்ளையும் அறிந்துகொள்ளும். கை இன்னுஞ் சிறிது நீளமாக இருந்தால் நன்றாயிருக்குமே என்று எண்ணாதவர் அவ்வயதில் எவருமிலர். இதை எழுதுபவனும் அவ்வயதினனே. மாணவரின் விடைத்தாள்களைத் திருத்தும்போது முன்னெல்லாம் கண்ணுக்கு அண்மையிலே இருந்த தாள், இப்பொழுது மேசையின் மறு ஓரத்தை நாடிச் செல்கிறது.

இம்மாற்றம் நோயன்று. ஆயினும் இதனோடு சேர்ந்து வரக்கூடிய வேறு சில மாற்றங்கள் நோயின் அறிகுறிகளாகும். எது இயல்பு, எது நோய் என்று பகுத்தறியாமையினாலே காப்பாற்றியிருக்கக்கூடிய பார்வையை இழந்தோர் பலர். உலக சுகாதார ஸ்தாபனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் குறைந்தது 220 கோடி மக்களுக்குப் பார்வைக் குறைபாடு உண்டு. அவர்களுள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் தீர்க்கப்படாமல் விடப்பட்டது. அந்த 100 கோடியில் ஒருவர் நம் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருக்கக்கூடும் என்பதே இக்கட்டுரை எழுதப்பட்டதற்குக் காரணம்.

வில்லையின் கதை

கண்ணின் முன்புறத்தே கண்ணாடி போலத் தெளிந்த விழிவெண்படலமும், அதற்குப் பின்னே கதிராளியும், கதிராளியின் நடுவே கண்மணி என்னும் துவாரமும், அத்துவாரத்துக்குப் பின்னால் பளிங்கு போன்ற ஒரு வில்லையும் அமைந்துள்ளன. ஒளி இவற்றையெல்லாம் கடந்து பின்புறத்துள்ள விழித்திரையிலே குவிகின்றது. தூரத்துப் பனைமரத்தைப் பார்க்கும்போது வில்லை தட்டையாக இருக்கும். கையிலுள்ள நூலைப் பார்க்கும்போது, வில்லையைச் சூழ்ந்துள்ள வளையம் போன்ற தசை சுருங்க, வில்லையைத் தாங்கும் நுண்ணிய இழைகள் தளர, வில்லை தன் இயல்பான மீள்தன்மையினால் திரண்டு தடிக்கும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855ஆம் ஆண்டிலே இச்செயலை விளக்கினார்.

இவ்வில்லைக்கு ஒரு விசேடம் உண்டு. தோலும் மயிரும் பழையதை உதிர்த்துப் புதியதை வளர்க்கின்றன. வில்லையோ எதனையும் உதிர்ப்பதில்லை. வெங்காயத்தின் அடுக்குகளைப் போல, வாழ்நாள் முழுவதும் புறத்தே புதிய அடுக்குகள் சேர்ந்துகொண்டேயிருக்கும். நடுவிலுள்ள பகுதி நாம் தாயின் வயிற்றில் இருந்தபோதே உருவானது. அறுபது வயதினர் ஒருவர் தாம் பிறக்குமுன் தோன்றிய அந்த நடுப்பகுதியின் ஊடாகவே இன்றும் தம் பேரப்பிள்ளையின் முகத்தைக் காண்கிறார். அடுக்கின்மேல் அடுக்கு சேரச் சேர வில்லை இறுகுகின்றது. தசை சுருங்கினாலும் வில்லை முன்போலத் திரள்வதில்லை.

இதனைக் கணக்காகவும் காட்டலாம். பத்து வயதுப் பிள்ளை ஏறக்குறைய 7 சதமமீற்றர் தூரத்திலுள்ள எழுத்தையும் தெளிவாகப் பார்க்கும். இருபது வயதில் அத்தூரம் சுமார் 10 சதமமீற்றர். நாற்பதில் 22, ஐம்பதில் 40, அறுபதில் ஏறக்குறைய ஒரு மீற்றர். ஆகவே குறை நாற்பதில் திடீரென்று வருவதன்று, பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. நூலைப் பிடிக்கும் தூரத்தை அது எட்டும்போதுதான் நாம் உணர்கிறோம். விஞ்ஞானம் கற்கும் மாணவர்கள் ஓர் அடிமட்டத்தை எடுத்து, வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் சிறு எழுத்தைத் தெளிவாகக் காணக்கூடிய மிகக் கிட்டிய தூரத்தை அளந்து, வயதுக்கு எதிரே வரைபாக வரைந்து பார்க்கட்டும். புத்தகத்திலே படித்ததைத் தம் குடும்பத்திலேயே காண்பர்.

எழுத்துகள் வெளிறி மங்குவதால் இக்குறைக்கு வெள்ளெழுத்து என்று நம் முன்னோர் இட்ட பெயர் மிகப் பொருத்தமானது.

கண்ணாடி அணிவது குறைவா?

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியிலே மூக்குக்கண்ணாடி தோன்றியது. அதற்கு முன்னர் வாழ்ந்த கற்றோர் தம் அறிவு முதிர்ந்த பருவத்திலேயே ஏட்டை மூடிவைக்க நேர்ந்தது. தையற்காரர், தட்டார், ஏடெழுதுவோர் ஆகியோரின் தொழிலும் ஐம்பதுக்கு முன்பே தளர்ந்தது. இரண்டு சிறு வில்லைகள் மனிதனின் உழைக்கும் காலத்தை இருபது முப்பது ஆண்டுகள் நீட்டின என்றால் மிகையாகாது. நம் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் கலித்தொகையை 1887இல் பதிப்பித்தபோது அவர்களுக்கு ஐம்பத்தைந்தை ஒட்டிய வயது. செல்லரித்த ஏடுகளை எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கும் அத்தகைய பணி, பெரும்பாலும் வெள்ளெழுத்து வந்த பின்னரே ஒருவரின் கைக்கு எட்டுகிறது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

கண்ணாடி அணிந்தால் கண் இன்னும் பலவீனமாகிவிடும் என்று அஞ்சுவோர் உளர். அது உண்மையன்று. அணிந்தாலும் அணியாவிட்டாலும் வில்லை தன் போக்கிலேயே இறுகும். மங்கிய வெளிச்சத்தில் வாசித்தால் கண் கெட்டுவிடும் என்பதும் அத்தகையதே. கண் களைக்கும், தலை நோகும், ஆனால் பழுதடையாது. பொன்னாங்காணியும் கரட்டும் உடலுக்கு நல்லனவே. உயிர்ச்சத்து ஏ குறைந்தால் கண்ணுக்குக் கேடு நிச்சயம். எனினும் எத்துணைக் கீரை உண்டாலும் இறுகிய வில்லை இளகப்போவதில்லை.

கிட்டப் பொருள்களை மட்டுமே தெளிவாகக் காணும் குறைபாடு இளமையிலேயே உடையவர்கள், ஐம்பது வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசிப்பதைக் கண்டிருக்கலாம். அவர்கள் வெள்ளெழுத்துக்குத் தப்பியவர்களல்லர். ஒரு குறை மற்றொரு குறையை ஈடுசெய்கிறது, அவ்வளவே. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தனித்தனிக் கண்ணாடி வைத்து மாற்றி மாற்றி அணிவதில் சலிப்புற்ற பெஞ்சமின் பிராங்கிளின், இரண்டையும் ஒரே சட்டத்தில் மேலும் கீழுமாகப் பொருத்திய செய்தியை 1785இல் ஒரு கடிதத்தில் எழுதியுள்ளார். இவ்விரட்டைக் கண்ணாடி அணிவோர் ஒன்றை மறக்கலாகாது. படியிறங்கும்போது கண் கீழ்ப்பகுதியினூடாகப் பார்க்கிறது. அப்பகுதி வாசிப்பதற்கானது, ஆதலால் படி மங்கித் தோன்றும். தலையையே தாழ்த்தி மேற்பகுதியினூடாகப் படியைப் பார்க்கப் பழகுதல் வேண்டும்.

கடைகளில் ஆயத்தமாக விற்கும் வாசிப்புக் கண்ணாடியை வாங்கலாமா என்று கேட்பர். இரு கண்களும் ஒரே அளவின என்றால் தீங்கில்லை. ஆனால் பலருக்கு இரு கண்ணும் ஒரே அளவின அல்ல. அதனினும் முக்கியம், கண்ணாடிக்காகக் கண்ணைப் பரிசோதிக்கச் செல்பவருக்குக் கண்ணின் உட்புறத்தையும் பரிசோதித்துக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. அதன் பயனைப் பின்னர் காண்போம்.

ஒளி குறையும் வீடு

எழுத்து மங்குவது மட்டுமன்று, வெளிச்சமும் குறைகிறது. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது. இருளிலும் அது முன்போல விரிவதில்லை. வில்லையும் சற்று மஞ்சள் நிறம் பெறுகிறது. இவ்விரண்டாலும் அறுபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதினரை அடைவதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே. பேரன் படிக்கப் போதுமான விளக்கு பாட்டனாருக்கு அந்திநேரம் போலத் தோன்றுவது இதனாலேயே. “உந்த வெளிச்சம் காணாதோ?” என்று அவரைக் கடிந்துகொள்ளுமுன் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பரிகாரம் எளிது. வாசிப்பவரின் தோளுக்கு மேலிருந்து தாளின்மீது விழுமாறு தனி விளக்கொன்று வைத்தல், கிணற்றடிக்கும் கழிப்பறைக்கும் செல்லும் வழியில் இரவில் விளக்கெரியச் செய்தல், சீமெந்துப் படிகளின் விளிம்பில் வெள்ளைக் கோடு தீட்டுதல், ஒரே நிறத்தில் ஒத்த வடிவில் உள்ள மருந்துப் போத்தல்களில் பெரிய கறுத்த எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுதல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. வெயிலிலிருந்து உள்ளே வரும் முதியவர் சிறிது நேரம் வாயிலிலேயே நிற்பாரானால் அவரை அவசரப்படுத்தலாகாது. அவருடைய கண் இருளுக்குப் பழக இளைஞரின் கண்ணைவிட நீண்ட நேரம் எடுக்கும்.

கண்ணாடியை ஒதுக்கிய பாட்டனார்

“எழுபத்தைந்து வயது, கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்கிறார்” என்று பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். இருபது ஆண்டுகளாகக் கண்ணாடி அணிந்தவர் திடீரென அதனைக் கழற்றி எறிந்து வாசிக்கத் தொடங்கினால், வீட்டார் தெய்வச் செயல் என மகிழ்வதும் உண்டு. மகிழ்வதற்கு முன் வைத்தியரிடம் காட்டுவதே அறிவுடைமை. கண்புரையின் ஒருவகையில் வில்லையின் நடுப்பகுதி செறிந்து, அதன் வலிமை கூடுகிறது. அதனால் கிட்டப் பார்வை சில காலம் தெளிகிறது, தூரப் பார்வையோ மங்குகிறது. இது புரை வளர்வதன் அறிகுறி. சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ அத்தெளிவும் மறைந்துவிடும்.

கண்புரை என்பது கண்ணின்மேற் படரும் தோலன்று, வில்லையே கலங்கிப்போதலாகும். ஆகவே சொட்டு மருந்தினாலோ மூலிகைச் சாற்றினாலோ அது கரைவதில்லை. நந்தியாவட்டைப் பூவின் சாற்றையும் தாய்ப்பாலையும் கண்ணில் விடும் வழக்கம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. சுத்திகரிக்கப்படாத எதனைக் கண்ணில் விட்டாலும் கிருமி புகுந்து விழிவெண்படலத்தைப் புண்ணாக்கக்கூடும். வைத்தியர் ஒருமுறை எழுதிக்கொடுத்த ஸ்டீராய்ட் சொட்டு மருந்தைத் தாமாகவே தொடர்ந்து வாங்கி விடுவதும் ஆபத்து. அதுவே கண்ணின் அழுத்தத்தை உயர்த்தவும் புரையை உண்டாக்கவும் வல்லது.

புரைக்குச் சத்திரசிகிச்சை ஒன்றே வழி. சுசுருதரின் நூல் கூறும் பண்டை முறையிலே கலங்கிய வில்லையை ஊசியால் ஒதுக்கித் தள்ளினர். பிரெஞ்சு வைத்தியர் டவியேல் 1747இல் வில்லையை வெளியே எடுக்கும் முறையைத் தொடங்கினார். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் கண் சிகிச்சையில் ஈடுபாடு கொண்டவர். அவர் காலத்துக் கண் நோயாளர் பற்றிய குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்திலே பேணப்பட்டுள்ளன. ஆயினும் வில்லையை எடுத்தபின் மனிதர் தடித்த கண்ணாடியின்றி எதனையும் தெளிவாகக் காண இயலாதிருந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது போர் விமானங்களின் மேல்மூடி உடைந்து, அதன் பிளாஸ்ரிக் துண்டுகள் விமானிகளின் கண்ணில் தைத்தன. அத்துண்டுகளைக் கண் வெறுத்து அழற்சி கொள்ளாததை லண்டன் வைத்தியர் ஹரல்ட் றிட்லி கவனித்தார். அப்பொருளாலேயே வில்லை செய்து கண்ணினுள் வைக்கலாமே என எண்ணிய அவர், 1949 நவம்பர் 29ஆம் திகதி அம்முயற்சியைத் தொடங்கினார். சக வைத்தியர் பலர் நெடுங்காலம் அதனை எதிர்த்தனர். இன்று அதுவே உலகெங்கும் வழக்கம். 1967இல் அமெரிக்க வைத்தியர் சார்ள்ஸ் கெல்மன் செவிக்கெட்டா ஒலியலையால் வில்லையை நொறுக்கி உறிஞ்சும் முறையைக் கண்டார். அதனால் வெட்டு மிகச் சிறிதாயிற்று. மதுரையிலே வைத்தியர் கோ. வெங்கடசாமி, ஐம்பத்தெட்டு வயதில் அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்று 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை பேரளவில் வளர்ந்தது. வாதநோயால் விரல்கள் வளைந்தவர் அவர். அவ்வைத்தியசாலையினர் 1992இல் வில்லைகளைத் தாமே செய்யத் தொடங்கியதால் ஏழைகளுக்கும் அவை எட்டின.

“புரை நன்றாக முற்றட்டும்” என்று காத்திருப்பது பழைய முறைக்கே பொருந்தியது. இன்று முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மிக முற்றினால் சிகிச்சையே கடினமாகும். பெரும்பாலோர் கண்ணை மட்டும் விறைக்கச் செய்து நடைபெறும் சிகிச்சை முடிந்து, அன்றே வீடு திரும்புகின்றனர். கண்தானம் செய்தவரின் கண்ணை வைத்துப் புரையைத் தீர்க்கிறார்கள் என்று எண்ணுவதும் தவறு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய இலங்கைக் கண்தானச் சங்கம் பல நாடுகளுக்கு அனுப்பி நம் தேசத்துக்குப் புகழ் தேடித் தந்தது விழிவெண்படலமாகும். வில்லையன்று.

திரும்பி வராத பார்வை

புரையால் இழந்த பார்வை பெரும்பாலும் மீளும். மீளாத இழப்பும் உண்டு. குளுக்கோமா என்னும் நோயில், பலருக்குக் கண்ணினுள் அழுத்தம் மிகுந்து, பார்வை நரம்பு சிறிது சிறிதாக அழிகிறது. வலியில்லை. நேரே பார்ப்பது தெளிவாகவே இருக்கும். பக்கப் பார்வையே முதலிற் குறைவதால் நோயாளி அறிவதில்லை. வழியிலுள்ள கதிரையில் மோதுவது, பக்கத்தே வரும் சைக்கிளைக் காணாதது ஆகியவற்றைக் கவனக்குறைவு எனக் கருதுகின்றனர். அழிந்த நரம்பு மீண்டும் வளராது. ஆனால் முன்பே கண்டால், நாள்தோறும் விடும் சொட்டு மருந்தினால் எஞ்சிய பார்வையைக் காக்கலாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருப்பின், நாற்பதுக்குப் பின் காலந்தோறும் பரிசோதனை இன்றியமையாதது. நீரிழிவுடையோர் பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும்.

சில அறிகுறிகளுக்கு ஒருநாளேனும் தாமதிக்கலாகாது. திடீரென மின்னல் போன்ற ஒளியும் பல கரும்புள்ளிகளும் தோன்றுதல், கண்ணில் ஒருபக்கமாகத் திரை விழுந்தாற்போல் மறைதல், விளக்கைச் சுற்றி வண்ண வளையங் கண்டு கண் சிவந்து கடுமையாக நோவெடுத்து வாந்தியும் வருதல், ஒரு கண் பார்வை திடீரென மறைதல் ஆகிய யாவும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவை. நேர்க்கோடுகள் வளைந்து தோன்றுவது விழித்திரையின் நடுப்பகுதி பழுதடைவதைக் காட்டும். பிள்ளைகளின் சதுரக் கோட்டுக் கொப்பி இதற்கு நல்ல சோதனை. வாசிப்புக் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கும்போது கோடுகள் நெளியுமாயின் தாமதமின்றி வைத்தியரை நாடுக.

வீட்டாரின் கடன்

இவையெல்லாம் தெரிந்தபின்னும் ஒரு தடை எஞ்சுகிறது. முதியோர் தம் குறையைச் சொல்வதில்லை. எங்கள் அயலூர்க் கோயிலில் கந்தபுராண படனத்துக்கு நெடுங்காலம் ஏடு வாசித்த பெரியவர் ஒருவர், ஓராண்டு “தொண்டை சரியில்லை” என்று சொல்லி விலகிக்கொண்டார். வீட்டார் நம்பினர். மல்லிக் கோப்பி வைத்துக் கொடுத்தனர். பத்தாந்தரம் படிக்கும் பேத்தி மட்டும், அவர் தேநீரைக் குவளையின் விளிம்புக்கு வெளியே ஊற்றுவதையும், சாதம் உண்ணும்போது கறியைக் கையால் தேடுவதையும் கவனித்தாள். “அம்மப்பா, உங்களுக்குத் தொண்டை சரியில்லையோ, கண் சரியில்லையோ?” என்று அவள் கேட்டபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “பிள்ளை, அம்மாவுக்குச் சொல்லாதை” என்றார். மகளுக்குச் செலவு வைக்கலாகாது என்பதும், சபையில் எழுத்துத் தடுமாறி நகைப்புக்கிடமாகக் கூடாது என்பதுமே அவர் மௌனத்தின் காரணங்கள். பிள்ளை சொல்லாமல் இருக்கவில்லை. அரசாங்க வைத்தியசாலையில் இரு கண்ணுக்கும் முறையே சிகிச்சை நடந்தது. அடுத்த ஆண்டு அவர் மீண்டும் ஏட்டின் முன் அமர்ந்தார்.

அவருக்குப் பயன் சொல்லும் துணைவராக இருந்தவருக்கு அப்பேறு கிட்டவில்லை. அவருடையது குளுக்கோமா. வைத்தியர் கண்டறிந்தபோது ஒரு கண் முற்றாக அணைந்துவிட்டது, மறு கண்ணில் குழாயினூடாகப் பார்ப்பது போன்ற சிறு வட்டமே மிஞ்சியது. அவ்வட்டத்தை நாள்தவறாத மருந்தினால் அவர் மகன் காத்து வருகிறார். செய்யுளை நண்பர் வாசிக்க, நெஞ்சில் உள்ளதைக்கொண்டு அவர் இன்றும் பயன் சொல்கிறார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே ஊர். ஒருவரைக் கவனிக்க ஒரு பிள்ளை இருந்தாள். மற்றவரின் நோய் எவர் கண்ணிலும் படாமலே வளர்ந்தது.

ஆகவே மாணவர்களே, ஆச்சி தையலூசியில் நூல் கோக்க உங்களை அழைக்கும்போது கோத்துக் கொடுத்துவிட்டு ஓடிவிடாதீர்கள். எப்போதிருந்து கோக்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அரிசியில் கல் மிகுந்தால் கடைக்காரரை மட்டும் நோகாதீர்கள். தொலைக்காட்சிக்கு மிக அருகே கதிரையை இழுத்துப் போடுபவரையும், மாலையானதும் வெளியே செல்ல மறுப்பவரையும், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு “இப்ப வாசிக்க ஒன்றுமில்லை” என்பவரையும் கவனியுங்கள். பரிகசியாதீர்கள். கேட்டறிந்து பெற்றோரிடம் சொல்லுங்கள்.

இன்றைக்கே தொடங்கலாம். இப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் வீட்டுப் பெரியவரிடம் கொடுங்கள். வழக்கமான கண்ணாடியை அணிந்து, முதலில் வலக்கண்ணை மூடி இடக்கண்ணாலும், பின்னர் இடக்கண்ணை மூடி வலக்கண்ணாலும் நான்கு வரிகள் வாசிக்கச் சொல்லுங்கள். இரு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும், தனித்தனியே பார்க்கும்போதுதான் உண்மை தெரியும். நன்றாக வாசித்தாலும் நாற்பதைக் கடந்தவராயின் கண்ணின் உட்புறத்தை ஒருமுறை வைத்தியரிடம் காட்ட வேண்டும். நன்றாக வாசிக்காவிடின் வரும் வாரத்திலேயே அவரோடு நீங்களும் துணையாகச் செல்லுங்கள்.